நர்சுகளே எழுதிய டூட்டி

செபஸ்தியம்மாள் கண்டரமாணிக்கத்துக்காரர். மதுரையில் நர்சிங் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நோயாளிகளிடம் அதிர்ந்து பேசமாட்டார். அநியாயம் என்று பட்டால் மட்டும் அவர் குரல் வாசல்வரை கேட்கும்.

அங்கே யாருக்கு எந்த ஷிப்ட் என்று மேனேஜர் மாயக்கண்ணன்தான் எழுதுவார். சனிக்கிழமை சாயங்காலம் சுவரில் ஒட்டும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. சிரித்துப் பேசியவர்களுக்குப் பகல். எதிர்த்துக் கேட்டவர்களுக்கு நைட்.

ஒரு சனிக்கிழமை, நெற்குப்பையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் மீனம்மாள் அந்தத் தாளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். வீட்டில் பால்குடி மாறாத பிள்ளை. அவளுக்கு மறுபடியும் நைட். போய்க் கேட்டதற்கு மாயக்கண்ணன், "பிள்ளையப் பாக்கணும்னா வீட்டோட இருந்துக்கங்க" என்றார்.

செபஸ்தியம்மாள் தாளைக் கிழித்தார். நர்சுகளைச் சாப்பாட்டு அறையில் கூட்டினார்.

"யாராருக்கு எப்ப முடியும், எப்ப முடியாது? வாயத் தொறந்து சொல்லுங்கடி."

சண்டைதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமையை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்தி கோபித்துக்கொண்டு எழுந்து போய், காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். கடைசியில், பிள்ளை பால் மறக்கும்வரை மீனம்மாளின் நைட்டை மற்றவர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டிகளை அவள் ஏற்றுக்கொண்டாள். எழுதியதைச் சுவரில் ஒட்டினார்கள்.

"யாரக் கேட்டு எழுதுனீக?" என்று மாயக்கண்ணன் கத்தினார்.

"வேலை பாக்கப்போறவுகளக் கேட்டுத்தான் சார்" என்றார் செபஸ்தியம்மாள்.

அவர் அதன்மேல் வேறு தாளை ஒட்டினார். திங்கட்கிழமை எல்லோரும் தாங்கள் எழுதியபடியே வந்தார்கள். ஒரு வார்டிலும் ஆள் குறையவில்லை. விஷயம் ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டரிடம் போனது. அவர் மாயக்கண்ணனையும் செபஸ்தியம்மாளையும் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு வார்டுல ஆள் இல்லாமப் போனா யார் பொறுப்பு?" என்றார் டாக்டர்.

"நான் பொறுப்பு. போன மாசம் பிரசவ வார்டுல ஆளில்லாமக் கெடந்துச்சே, அதுக்கு யார் பொறுப்புன்னு மேனேஜர் சாரக் கேட்டீகளா?"

டாக்டர் மாயக்கண்ணனைத் திரும்பிப் பார்த்தார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை; நர்சுகளே எழுதிவந்தார்கள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று டூட்டிக்கு வருவதாக இருந்த ஒரு நர்ஸ் டைபாய்டில் படுத்துவிட்டாள். மற்றவர்கள் ஏற்கெனவே டூட்டியில் இருந்ததால், லீவில் இருந்த கிறிஸ்தவ நர்சுகளுக்குள் சீட்டுக் குலுக்கினார்கள். செபஸ்தியம்மாள் பெயர் வந்தது.

மாயக்கண்ணன் தேடிவந்தார். "ஒங்க ஏற்பாடு ஒங்களையே மாட்டிவிட்டுருச்சே சிஸ்டர். பழையபடி எங்கிட்ட விட்டுருங்க, இப்பவே மாத்தித் தாரேன்."

"நீங்க போட்டிருந்தா அழுதிருப்பேன் சார். இது நான் ஒத்துக்கிட்டது. நகருங்க, ஊசி போடணும்."

கிறிஸ்துமஸ் பூசைக்குப் போக முடியாதது அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் டூட்டி முடியும்வரை நிமிர்ந்துதான் நடந்தார்.

அடுத்த வருடம் தலைமை நர்ஸ் பதவி அவரைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. கணவர் மரிய ஜெரால்டு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. "கொஞ்சம் பணிஞ்சு போயிருக்கலாம்ல?" என்றார்.

"எதுக்கு? அடுத்த வாரம் எனக்கு என்னைக்கு லீவுன்னு எனக்குத் தெரியும். ஒங்க ஆபீசுல ஒங்களுக்குத் தெரியுமா?"

மரிய ஜெரால்டு செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.