சலவை அறையில் வந்தவர்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். எல்லாருக்கும் அவள் சத்தக்காரிதான்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், சலவை அறையில் அவளுக்கு வேலை. ஒரு பக்கம் ஆளே உள்ளே போய்விடும் அளவுக்கு வாய் பிளந்த துவைக்கும் இயந்திரங்கள், எதிர்ப்பக்கம் உலர்த்தும் இயந்திரங்கள், நடுவில் படுக்கை விரிப்புகளை நீராவி விட்டுத் தேய்க்கும் உருளை. எல்லாம் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. "அந்தத் தலையணை உறையை இங்க தள்ளு" என்று சொல்வதற்கே அடிவயிற்றிலிருந்து குரல் வரவேண்டும். இருபது வருடம் அப்படிக் கத்திக் கத்தி, இப்போது வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலும் தெருமுனைக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

புருஷன் நேரெதிர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். ரேடியோவும் ஒலிபெருக்கியும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஓய்வு நாளில் வழிபாட்டு மன்றத்தில் மைக் பார்த்துக்கொள்வார். மன்றத் தலைவர் புருவத்தை உயர்த்தினால் சத்தம் கூடும், கையைத் தாழ்த்தினால் குறையும். "கடையில கைக்கு வேலை, இங்க புருவத்துக்கு வேலை" என்று சத்தக்காரி கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொண்டே கம்பியைச் சுருட்டுவார்.

அவள் மன்றத்துக்குப் போனது பாட்டுக்காக. எல்லாரும் சேர்ந்து பாடும்போது தன் குரல் யாரையும் உறுத்தாது என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். பாட்டு முடிந்து அவள் வாயைத் திறந்தால் முன்வரிசைப் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

அந்த மன்றத்தில் ஒரு முறை இருந்தது. பிள்ளைக்கு அங்கே கல்யாணம் நடத்த வேண்டுமென்றால், பெற்றவர்களில் ஒருவர் எழுந்து, கடவுளைத் தான் அறிந்த நாளைப் பற்றி எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சாட்சி என்று அதற்குப் பேர். அது எப்படி இருக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். வழிதவறி அலைந்தேன், மன்றத்துக்கு வந்தேன், தலைவரின் பேச்சைக் கேட்டேன், கண்ணீர் பொங்கியது. காய்கறிக்காரர் சொன்னாலும் கணக்கு வாத்தியார் சொன்னாலும் அதே அலைச்சல், அதே கண்ணீர். கடவுளுக்கே அலுத்துப் போயிருக்கும்.

சத்தக்காரியின் மகளுக்கு மன்றத்துக் குடும்பத்திலேயே மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசைக்காரி. மன்றத்தில் நடந்தால்தான் கல்யாணம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். புருஷனோ மைக்குக்குப் பின்னாலேயே வாழ்ந்தவர், அதற்கு முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆக, சாட்சி சத்தக்காரியின் தலையில் விழுந்தது.

அவளிடம் சொல்வதற்கு உண்மையாகவே ஒன்று இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

சாட்சியைத் தலைவர் முன்கூட்டியே கேட்டுச் சரிபார்ப்பது வழக்கம். அவருடைய அறையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறியது.

"கடவுள் சலவை ரூம்லயா வந்தார்?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப மனசுக்குள்ள நம்ம பிரார்த்தனையைச் சொல்லிக்கிட்டு இருந்திருப்பீங்க."

"இல்லைங்க. உருளையில நிக்கிறவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

தலைவர் கெட்டவர் அல்ல. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஆனால் மன்றத்தை அவர் வீட்டு அடுப்பைப் போலப் பார்த்தார். நெருப்பு அங்கேதான் எரிய வேண்டும், வேறெங்கே எரிந்தாலும் அவருக்கு ஆபத்தாகத் தெரிந்தது.

"திட்டும்போது வந்தார்னு சொன்னா நாளைக்கு யாரும்மா இங்க வருவாங்க? ஆளாளுக்கு வீட்டுல உக்காந்துக்குவாங்க. மன்றத்துல இருந்தேன், ஐயா பேச்சைக் கேட்டேன், அப்ப வந்தார்னு சொல்லுங்க. கடவுள் ஒருத்தர்தானே, எங்க வந்தா என்ன?"

"அதைத்தான் ஐயா நானும் கேக்குறேன். எங்க வந்தா என்ன?"

அந்தக் கேள்வி அடுத்த அறைக்கும் கேட்டது. தலைவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொல்லிக்கொடுத்தபடி சொன்னால் கல்யாணம் மன்றத்தில், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார்.

வீட்டில் மகள் விஷயத்தைக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஒரு நிமிஷ விஷயம்" என்றார் புருஷன். "சொல்லிட்டு இறங்கிடு. பொண்ணு முகத்தைப் பாத்தல்ல?"

"வந்த மனுஷனை வரவே இல்லைன்னு சொல்லணுமா?"

"மனுஷனா?"

"என்னவோ ஒண்ணு. வந்தாருல்ல?"

சத்தக்காரி மடித்து வைத்திருந்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். மகளைவிடப் பெரிதாக அவளுக்கு எதுவும் இல்லை. "சரி, சொல்லித் தொலைக்கிறேன்" என்றாள் கடைசியில். அவள் வாழ்க்கையிலேயே மெதுவாகச் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஓய்வு நாளில் மன்றம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சத்தக்காரி மைக் முன்னால் போய் நின்றாள். ஓரத்து மேசையில் புருஷன் முன்னெச்சரிக்கையாகச் சத்தத்தைக் குறைத்து வைத்தார்.

"நான் இந்த மன்றத்துல உக்காந்திருந்தேன்" என்று ஆரம்பித்தாள். "ஐயா பேசிக்கிட்டு இருந்தாரு. அப்ப..."

அதற்கு மேல் வரவில்லை. அன்று சலவை அறையில் கையில் பிடித்திருந்த விரிப்பின் சூடு உள்ளங்கையில் அப்படியே இருந்தது. தன்னைத் தேடி வந்தவரை, இத்தனை பேர் பார்க்க வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவதாக அவளுக்குப் பட்டது.

"பொய் சொல்றேன்" என்றாள். "மன்னிச்சுக்குங்க. இங்க இல்லை."

தலைவரின் கை தாழ்ந்தது. புருஷனின் விரல் பொத்தானை அமுக்கியது. மைக் செத்தது. சத்தக்காரிக்கு அது தெரியவே இல்லை.

"ஆஸ்பத்திரி சலவை ரூம்ல. விரிப்பைச் சுருக்கம் வெச்சுத் தேச்சுட்டாருன்னு ஒருத்தரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு இருந்தேன். திடீர்னு கரண்ட் போச்சு. எல்லா மெஷினும் நின்னுபோச்சு. அந்த ரூம்ல என் மூச்சுச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அன்னிக்குக் கேட்டேன். கையில ஒரு விரிப்பு, சூடா. யார் படுத்து எழுந்ததோ, எழுந்தாங்களோ இல்லையோ. அப்பத் தெரிஞ்சுது, பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு. பயமே இல்லை. என்னை நல்லாத் தெரிஞ்சவர். திட்டினது தெரியும். அதுக்கு முன்னாடி நான் செஞ்சதெல்லாமும் தெரியும். தெரிஞ்சும் போகாம நிக்கிறாரு. அந்த விரிப்புல முகத்தை வெச்சு அழுதேன். கரண்ட் வந்துச்சு, மெஷின் ஓடுச்சு. அவர் போகலை. இன்னும் போகலை."

கடைசி வரிசைக்கும் அதைத் தாண்டி வெளியே செருப்பு விடும் இடத்துக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர்ந்தது. தலைவர் எழுந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. வருடக்கணக்காக மைக்கை நம்பிய குரல், இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. அவர் ஓரத்து மேசையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

புருஷன் பார்த்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். தலைவர் இன்னும் ஒருமுறை உயர்த்தினார். புருஷன் அசையவில்லை. அத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்தப் புருவம் வீணாய்ப் போயிற்று.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். கல்யாணம் நின்றது என்றே எல்லாரும் நினைத்தார்கள். மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்கு வந்தது பஸ்ல" என்றார் அந்த அம்மா. "எங்க அப்பாவை அடக்கம் பண்ணிட்டுத் திரும்பும்போது, ஜன்னலோரத்துல. மூத்தவன் கல்யாணத்துக்குச் சாட்சி சொன்னப்ப, மன்றத்துல வந்தாருன்னு மாத்திச் சொன்னேன். அப்புறம் எத்தனையோ தடவை நினைச்சுப் பாத்துட்டேன். அந்த பஸ் எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது." சத்தக்காரியின் பக்கம் திரும்பினார். "இன்னிக்குத்தான் வந்துச்சு. சம்பந்தி, கல்யாணம் எங்க நடந்தாலும் எனக்குச் சரி."

காய்கறிக்காரர் எழுந்தார். "எனக்குக் கடையில. சரக்கு இறக்கும்போது." கணக்கு வாத்தியார் எழுந்து, தனக்கு இதுவரை எங்கேயுமே வரவில்லை என்றார், அதைச் சொல்லிவிட்டு ஏதோ பெரிய பாரத்தை இறக்கியவர் மாதிரி உட்கார்ந்தார். பிறகு யார் முதலில் எழுந்தார்கள், யார் அடுத்தது என்று சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் அந்த மன்றத்தில் ஒரு சாட்சி மாதிரி இன்னொரு சாட்சி இல்லை.

தலைவர் தன் இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்கத்தான் வேண்டியிருந்தது, மைக் இல்லையே. கடைசியில் யாரோ பாட்டை எடுத்துக்கொடுக்க, மன்றமே சேர்ந்து பாடியது. அவரும் பாடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார் என்று முன்வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். போகும்போது சத்தக்காரியிடம் வந்து, "கல்யாணத்தை இங்கயே வெச்சுக்குங்கம்மா" என்றார். அதில் நிபந்தனை எதுவும் இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் புருஷனைக் கேட்டாள்: "ஏன் மைக்கை நிறுத்துனீங்க?"

"கை பழக்கம். ஐயா காட்டினாரு, நிறுத்திட்டேன்."

"அப்புறம் போடச் சொன்னாரே, அப்ப ஏன் போடலை?"

"இத்தனை வருஷமா எத்தனை பேர் சாட்சி சொல்லியிருக்காங்க. எல்லாத்துக்கும் சத்தத்தைத்தான் சரிபண்ணிக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். நடுவுல யாரும் பேசிடக்கூடாதுன்னு தோணுச்சு."

சத்தக்காரி நின்று அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். தெருமுனைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.