வீட்டுக்கடியில் ஒரு ஜாக்கி

சரிவான நிலத்தில் தூண் எழுப்பிக் கட்டியதால், எங்கள் வீட்டுத் தரைக்கடியில் தவழ்ந்து போகுமளவுக்கு இடம் உண்டு. குளியலறைக் குழாய் கசிந்த ஈரத்தில் அங்கே ஒரு பீமின் கம்பி துருப்பிடித்து, பீம் விரிசல் விட்டு, சமையலறைத் தரையே இறங்கிவிட்டது. குழாயை மாற்றியாயிற்று, பீமைத் தூக்கி நிறுத்தினால்தான் வீடு தப்பும். மேஸ்திரி ஜாக்கியோடு உள்ளே நுழைந்தார். என் வீடாயிற்றே என்ற வீராப்பில் டார்ச்சோடு நானும் ஊர்ந்தேன்.

ஜாக்கியை மெல்லத் திருகினார். தலைக்கு மேல் 'டொக்' என்றது. அவ்வளவுதான்! "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று அலறியபடி, ஏற்றுமதிக்கு ஆகாதென்று கழித்த என் ஓட்டைப் பனியன் மேலும் கிழிய, பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்து விழுந்தேன்.

"ஏனுங்க, பீம் மேல போகுதுங்க. நீங்க எங்க போறீங்க?" என்றார் மேஸ்திரி உள்ளிருந்து.

சமையலறை ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. "தரை மட்டமாயிருச்சுங்க! வெச்ச தக்காளி உருளாம நிக்குது!"

சேற்றோடு மறுபடி உள்ளே பாய்ந்தேன். விரல் நுழைந்த விரிசல் நூலளவாகச் சுருங்கியிருந்தது. "இனித் துருவச் சொரண்டிக் கான்கிரீட் போட்டா முடிஞ்சுதுங்க," என்றார் மேஸ்திரி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"புள்ள, நீயும் வந்து பாரு!" என்று கத்தினேன்.

"ஓடச் சொன்னப்பவே நகரலீங்க, இப்ப மட்டும் வருவனாக்கும்!" என்றாள் மேலிருந்து.