கொம்புத் திருக்கை வரும் மாதம்

சின்னம்மா மாலத்தீவில் நர்சாக இருந்தாள். லீவில் அவள் கச்சிராயபாளையம் வந்தால் மற்றவர்கள் சோப்பும் சாக்லேட்டும் கேட்பார்கள். நான் அந்தக் கடலில் வரும் பெரிய மீனைப் பற்றிக் கேட்பேன். எங்கள் வீட்டு வாசற்கதவு இரண்டையும் கழற்றிச் சேர்த்துப் போட்டாலும் காணாத அகலமாம். கொம்புத் திருக்கை என்று பெயர். கடிக்காது, முள்ளும் இல்லை. தண்ணீருக்குள் யாரோ கறுப்புப் போர்வையை மெதுவாக உதறுவது போலப் போகும் என்பாள். கடலையே பார்த்திராத எனக்கு அது கரும்புக் கொல்லைக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்.

அந்த ஆடியில் வந்தவள் எங்கள் கிணற்றில் என்னை இறக்கி மிதக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

“தொரத்திக்கினு போனா ஆழத்துக்குப் பூடும். கைய கால ஆட்டாம சும்மா கெடந்தா அதுவே கிட்ட வரும்.”

“எப்ப வரும்?”

“மேக்காலருந்து காத்து அடிக்கிற மாசத்துல. அமாவாச, பௌர்ணமின்னா இன்னும் ஜாஸ்தி. தீவு ஓரமா கடலு உள்ள வளைஞ்சி வந்த எடம் ஒண்ணு இருக்குது. அதுக்கு எர அங்கதான் வந்து சேரும். வாயத் தொறந்துக்கினு ஒண்ணு பின்னால ஒண்ணா சுத்திச் சுத்தி வரும்.”

“யாரு கூட போய்ப் பாப்ப?”

“கூட வேல செய்யறாரு ஒருத்தரு,” என்றவள் சட்டென்று என் முகத்தில் தண்ணீரை அடித்தாள்.

காது இரண்டும் நீருக்குள் இருக்க மல்லாந்து கிடந்தேன். உலகத்தின் சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. கல்வராயன் மலையிலிருந்து கிளம்பிய மேகம் ஒன்று, வெளுத்த அடிவயிற்றோடு, கிணற்றின் வாயை மெல்ல மூடிக்கொண்டு கடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். அசைந்தால் ஓடிவிடுமே.

வீட்டில் வேறு ஏற்பாடு நடந்தது. ஆவணி பிறந்ததும் சின்னம்மாவைப் பெண் பார்க்கக் களமருதூரிலிருந்து வருகிறார்கள். நல்ல நெல் நிலம், ஒரே பிள்ளை. சின்னம்மாவோ ஆடிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். ஏன் என்று அப்பா கேட்டார். அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“ஆவணி பௌர்ணமிக்கு மீனு வரும்பா.”

“மீனு பாக்கறதுக்கா மாப்பிள்ளைய வோணாங்கறா?” என்று அப்பா கத்தினார். சின்னம்மா மறுக்கவில்லை. தெருவே சொல்லிச் சிரித்தது. அம்மா அவளிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். எனக்கு மட்டும் பெருமை. சமயத்தில் நான்தானே அவளுக்காகப் பேசினேன்.

சின்னசேலம் ஸ்டேஷனுக்கு அப்பா வரவில்லை. அம்மாவும் நானும்தான் போனோம். ரயில் வந்து, சின்னம்மா ஏறி உட்கார்ந்த பிறகு, அம்மா மஞ்சள் பையிலிருந்து பழைய வேட்டியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். ஓரம் விலகியபோது பார்த்தேன்: அம்மாவின் கலியாணக் கூரைப்புடவை.

“அங்க இன்னா கெடைக்குமோ. இதயே கட்டிக்க.”

சின்னம்மா அதை மடியில் வைத்து அதன்மேல் குனிந்துகொண்டாள். ரயில் நகரும்வரை நிமிரவேயில்லை.

திரும்பும் பஸ்ஸில், “உப்புத் தண்ணியில பட்டு கெட்டுப் பூடாதாம்மா?” என்று கேட்டேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். மீன் பார்க்கப் போகிறவளுக்குக் கூரைப்புடவை எதற்கென்று ஊர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.