"போகுது" என்று சொன்னேன்

என் மனைவி மலருக்கு முதலில் வலித்தது கெண்டைக்கால். சம்பா நடவு முடிந்த நான்காம் நாள் அது. எங்கள் ஊரில் நடவு முடிந்த வாரத்தில் கெண்டைக்கால் வலிக்காத பெண்ணே கிடையாது. அதனால் அதை நாங்கள் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலையில் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்திருந்தாள் என்பதால் அதற்கும் காரணம் தயாராக இருந்தது.

எங்கள் கடைத்தெருவில் மருந்துக் கடை வைத்திருப்பவர் ஜாஸ்மின், படித்த மருந்தாளுநர். சளி, சேற்றுப்புண், வயிற்றுப்போக்கு எதுவானாலும் முதலில் அவரிடம்தான் போவோம். பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. படுத்திருப்பவர் ஒருவர், கடையில் போய்ச் சொல்பவர் இன்னொருவர்.

மறுநாள் காலை நான் போனேன். "காய்ச்சல், உடம்பு வலி. ஒரு செட்டு மாத்திரை குடும்மா" என்றேன்.

"யாருக்குண்ணே?"

"வீட்ல."

"வீடா வந்து மாத்திரை கேட்டுச்சு? அண்ணிக்குன்னு சொல்லுங்க."

எத்தனை நாளாகக் காய்ச்சல், வாந்தி உண்டா, வயலில் இறங்கினாரா என்று கேட்டார். கடைசியாக, "ஒன்னுக்கு நல்லாப் போகுதா?" என்றார்.

கடையில் இன்னும் நான்கு பேர் நின்றிருந்தார்கள். "போகுது" என்றேன்.

எனக்குத் தெரியாது. திருமணமான பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட மலரிடம் நான் அதைக் கேட்டதில்லை.

பாராசிட்டமாலும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியும் கொடுத்தார். வலி மாத்திரை கேட்டேன். "என்ன காய்ச்சல்னு தெரியாம அது வேண்டாம்ணே. ரெண்டு நாள்ல விடலன்னாலோ, கண்ணு செவந்தாலோ, ஒன்னுக்குக் கொறஞ்சாலோ காத்திருக்காதீங்க."

அன்று மாலை மலர் வலியில் முனகினாள். நான் பேருந்து நிலையத்தருகே வேறொரு கடையில் 'செட்' வாங்கினேன். அட்டையிலிருந்து வெட்டிய மூன்று வகை மாத்திரைகள், காகிதப் பொட்டலங்களில். எதிலும் பெயர் இல்லை. மூன்று வேளை கொடுத்ததில் வலி குறைந்தது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

காய்ச்சல் வந்த நான்காம் நாள் காலை வாந்தி. கண்கள் சிவந்திருந்தன. வாந்திக்கு மாத்திரை கேட்டு ஜாஸ்மினிடம் போனேன். அவர் கை அலமாரிப் பக்கம் போகவில்லை.

"அண்ணியக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் பாக்கணும்."

ஆட்டோவில் அழைத்து வந்தேன். ஜாஸ்மின் கடையை விட்டு இறங்கி வந்து மலரின் கண்ணைப் பார்த்தார். கெண்டைக்காலை லேசாக அழுத்தினார். மலர் அலறிவிட்டாள்.

"கடைசியா எப்ப ஒன்னுக்குப் போனீங்க அண்ணி?"

"நேத்து காலைல. அதுவும் கொஞ்சந்தான். டீத்தண்ணி மாதிரி."

ஜாஸ்மின் என்னைப் பார்த்தார். நான் ஆட்டோவின் சக்கரத்தைப் பார்த்தேன்.

"இது கடையில வச்சுப் பாக்குற காய்ச்சல் இல்லண்ணே. நேரா திருவாரூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. வேற என்ன குடுத்தீங்க?"

சட்டைப் பையில் மீதமிருந்த பொட்டலத்தைக் கொடுத்தேன். மாத்திரைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்று வலி மாத்திரை என்று அடையாளம் கண்டு சீட்டில் எழுதினார். மற்ற இரண்டுக்கும் 'தெரியவில்லை' என்று எழுதினார்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் வாசித்தது அந்தச் சீட்டைத்தான். லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து கால் வெடிப்பு வழியே கிருமி நுழைவது) என்று சந்தேகித்தார். பரிசோதனை அதை உறுதிசெய்தது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இரத்தத்தில் ஏறியிருந்தது.

"நான் குடுத்த மாத்திரையாலயா டாக்டர்?"

"கிருமியே கிட்னியத் தாக்கும். வலி மாத்திரை அதுக்கு மேல ஒரு சுமை. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது சார். நாளைக்குக் காலைக்குள்ள யூரின் கூடலன்னா டயாலிசிஸ் (இயந்திரம் வழியே இரத்தத்தைச் சுத்திகரிப்பது) பண்ண வேண்டி வரும்."

மலருக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்திக் கட்டிலின் ஓரத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டார்கள். செவிலியர் மணிக்கு ஒருமுறை அளந்து எழுதினார். எட்டு மில்லி. ஐந்து. எட்டு. வேறெந்த எண்ணும் எனக்கு அப்போது பொருள்படவில்லை.

"என்னங்க, அந்தப் பையவே பாத்துக்கிட்டிருக்கீங்க. என் மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க" என்றாள் மலர். பார்த்தேன். வீங்கியிருந்தது. மறுபடி பையைப் பார்த்தேன்.

காலையில் பதினைந்து. டாக்டர் மதியம்வரை பொறுக்கலாம் என்றார். மதியம் முப்பத்தைந்து. இயந்திரம் தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் வீடு திரும்பினோம்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருந்துக் கடைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் இன்றும் போகிறேன். ஆனால் கடையில் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். முடிந்தால் நோயாளியையே அழைத்துப் போங்கள்.

ஆறு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் சரியான அளவுக்கு வந்துவிட்டது. டாக்டர் கவலை வேண்டாம் என்றார். வீட்டில் ஒன்று மட்டும் மாறிப்போனது. மலர் இப்போது எழும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறாள். முதலில் தாழ்ந்த குரலில் சொன்னாள். இப்போது கொல்லையிலிருந்தே கத்துகிறாள்.

போன வாரம் அவள் தம்பி வந்து உட்கார்ந்திருந்தான். அவன் முன்னாலேயே, "ஒன்னுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அளந்து கொண்டாரவா?" என்று என்னைக் கேட்டாள்.

மூவரும் சிரித்தோம். அவள் போனதும் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. இதற்கு முன் பதினொன்று ஐம்பது. யாரும் எழுதச் சொல்லவில்லை; மனம் தானாகக் கழித்துப் பார்த்துக்கொண்டது. மச்சான் ஏதோ கேட்டான். அவள் திரும்பி வரும் காலடிச் சத்தம் கேட்ட பிறகுதான், "என்ன கேட்ட?" என்று அவன் பக்கம் திரும்பினேன்.