அருவிக்கரையில் ஒலித்த ஜால்ரா

முருகனே துணை என்று வாழும் என் சொந்தங்களுக்கு, மும்பை தாராவியிலிருந்து லெட்சுமி எழுதுகிறேன்.

முந்தின வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலையடிவாரத்தில், பொங்கி வரும் ஓடையின் இக்கரையில் நான் நிற்கிறேன். அக்கரையில் ஒரு பாறைமேல் என் கணவர் சுடலைமுத்து. நடுவே டீ நிறத்தில் தண்ணீர், சுள்ளியும் நுரையுமாகச் சீறிக்கொண்டு போகிறது. அவர் தண்ணீருக்குள் கால் வைக்கப் பார்க்கிறார். வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தொண்டை கிழியக் கத்துகிறேன், அருவிச் சத்தத்தில் ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. என் தாலி அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அன்று அப்படி அழுதவள் இன்று சிரித்துக்கொண்டே இதை எழுதுகிறேன் என்றால், அது அந்த முருகன் போட்ட பிச்சை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்குத் தாராவியில் சின்ன போட்டோக் கடை. பாஸ்போர்ட் அளவுப் படம், லேமினேஷன், அவ்வளவுதான். காலையிலிருந்து இரவு வரை "கண்ணைச் சிமிட்டாதீங்க, தலையை நிமிர்த்துங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கும். ஒருமுறை பக்கத்துத் தெருக்காரர்களோடு கர்ஜத் பக்கம் மலை ஏறப் போனேன். அங்கே ஓர் அருவியைப் பார்த்தேன். நான் படம் எடுத்தவர்களிலேயே கண்ணைச் சிமிட்டாத ஒரே ஆள் அதுதான்! அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். லீவு கிடைத்தால் போதும், பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சயானில் ஏறிக் குர்லாவில் வண்டி மாறி, அதே அருவிக்குப் போய்விடுவேன். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போதே கூட்டம் தாங்கவில்லை.

ஆனி மாதத்து முதல் தண்ணீர் சேறும் சருகுமாக வரும். ஆடியில் மலையே இடிந்து விழுவதுபோல் கொட்டும். ஐப்பசியில் மெலிந்து, தெளிந்து, வெயிலில் வானவில் காட்டும். தை மாதம் சொட்டும். சித்திரையில் கறுத்த பாறையும் அதில் ஒரு நீண்ட வெள்ளைக் கறையும் மட்டுமே மிச்சம். எல்லாக் காலத்திலும் அதே இடத்தில் நின்று எடுத்த படங்களைக் கடையில் வரிசையாக மாட்டியிருக்கிறேன்.

என் கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மழைக்காலத்தில் என்றால் கூட வருவார். சித்திரையில் கூப்பிட்டால் நக்கல்தான்.

"தண்ணியில்லாத அருவியில என்னத்தட்டி படம் எடுக்கப் போற? பாறையப் பாக்கவா டிக்கெட் எடுத்துப் போவாவ?"

அவர் வராவிட்டால் என்ன, நான் போனேன். வறண்ட ஓடைக்குள் இறங்கி நடந்தேன். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட நாங்கள் மிதிக்கும் கற்களுக்குச் சற்றுக் கீழே, பாறைக்குள் கிணறுபோல் ஒரு குழி இருந்தது. என்னைப்போல் இரண்டு பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்றாலும் தலை வெளியே தெரியாது. அதையும் படம் எடுத்தேன். வீட்டில் காட்டினேன். "ம்" என்றார், டிவியைப் பார்த்துக்கொண்டே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சந்து முருகன் கோயிலில் செவ்வாய்க்கிழமைதோறும் பஜனை உண்டு. ஜால்ரா இவர் கையில். அதை வேறு யாரும் தொடக்கூடாது. எங்கே போனாலும் அவர் பையில் கூடவே இருக்கும். பஜனை தொடங்கிவிட்டால், கடைசியில் மங்களம் பாடி முடிக்கும் வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் ஊரார் வழக்கம். அந்த வழக்கத்துக்கு எங்கள் கோயிலில் போலீஸ்காரர் இவர்தான். வாஷியிலிருந்து வரும் ஒருவர், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று பாதியில் எழுந்தார். இவர் தாளத்தை விடாமலே முழங்கையால் அவர் வேட்டியை இடுக்கி இழுத்து உட்கார வைத்துவிட்டார்! மற்ற நேரத்தில் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்க மாட்டார். யார் பேச்சும் கேட்க மாட்டார்.

அந்த ஆடி ஞாயிறு பஜனைக் கூட்டம் மொத்தமும் அருவிக்குக் கிளம்பியது. எங்கள் திருநெல்வேலிக்காரர்களுக்கு அருவி என்றால் பார்ப்பதற்கல்ல, குளிப்பதற்கு. அதுவும் சும்மா குளித்தால் ஆகுமா? குற்றாலத்தில் செய்வதுபோல் தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டாயிற்று. மராட்டிப் பையன்களும் பெண்களும் தூரத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் எண்ணெய் வடிய வரிசையாகக் கல் தாண்டிப் போவதைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குற்றாலத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, விசில் ஊதப் போலீஸ் உண்டு. இங்கே பாசி மட்டும்தான் உண்டு. அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

குளித்துவிட்டு எல்லாரும் இக்கரைக்கு வந்துவிட்டார்கள். இவர் மட்டும், "இன்னும் ஒரு தடவ தலயக் காட்டிட்டு வாரேன்" என்று அக்கரையிலேயே நின்றார். எங்களுக்கு லேசான தூறல்தான். மலை உச்சியில் என்ன பெய்ததோ தெரியாது. கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக விழுந்த தண்ணீர் பழுப்பாயிற்று. கண் எடுத்துப் பார்ப்பதற்குள் தாண்டும் கற்கள் காணாமல் போயின.

இவர் அவசரமாகப் பாறை விளிம்புக்கு வந்தார். வந்த வழி தெரியவில்லை. சற்றுக் கீழே ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் அலையில்லாமல் வழவழவென்று இருந்தது. அங்கே இறங்கினால் எளிது என்று நினைத்துவிட்டார். அது அந்தக் குழி! கால் முழுக்க எண்ணெய் வேறு.

கரையில் சோளக்கதிர் சுட்டு விற்கும் மராட்டி அம்மா கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "உஸ்கோ பைட்னே போலோ! ஓ பத்தர் நஹி டூபேகா!" அவரை உட்காரச் சொல், அந்தப் பாறை முங்காது என்கிறார். எப்படிச் சொல்வது? கத்தினேன். கை காட்டினேன். நான் வா என்று கூப்பிடுவதாக நினைத்து அவரும் தலையாட்டுகிறார். ஒரு காலை நீட்டிவிட்டார்.

கண்ணை மூடினேன். "முருகா, என் குரலை மட்டும் அவர் காதில் கொண்டுபோய்ப் போடு. வேறு எதுவும் கேட்க மாட்டேன்." அவ்வளவுதான் வேண்டினேன்.

கண்ணைத் திறந்தபோது என் காலடியில் அவர் பை கிடந்தது. வாய் திறந்த பைக்குள் ஜால்ரா மின்னியது. நான் கேட்டது குரல். அவன் கொடுத்தது ஜால்ரா.

எடுத்து ஓங்கி அடித்தேன். தாளமா அது? தகரக் கடையில் பூனை புகுந்த சத்தம். ஆனால் அந்தப் பித்தளைச் சத்தம் அருவி இரைச்சலைத் துளைத்துக்கொண்டு போயிற்று. நீட்டிய காலை இழுத்துக்கொண்டு இவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற கோமதி மதினிக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் பஜனையில் முதல் குரல் அவருடையது.

"எல்லாரும் உக்காருங்க! கையத் தூக்கித் தட்டுங்க! பஜன ஆரம்பிச்சாச்சு!"

நனைந்த பாறையில் அப்படியே உட்கார்ந்தோம். தலைக்குமேல் கை தட்டினோம். அக்கரையில் இவர் எங்களையே பார்த்தார். நான் ஜால்ரா அடிக்கும் அழகைப் பார்த்து முகம் சுளித்தார். அப்படியில்லை, இப்படி என்று காற்றில் கையால் தாளம் காட்டினார். பிறகு, நான் சாகும் வரை மறக்க மாட்டேன், மெல்ல முழங்காலை மடக்கினார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கை தட்டத் தொடங்கினார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே பாடினேன்.

தண்ணீர் இன்னும் ஏறியது. அவர் பாறையின் ஓரத்தை நக்கியது. நாங்கள் பாட்டை விடவில்லை. தெரிந்த நாமாவளி எல்லாம் தீர்ந்து, பாடியதையே திரும்பப் பாடினோம். சிரித்த மராட்டிப் பிள்ளைகளும் எங்களோடு உட்கார்ந்து கை தட்டினார்கள். சோளக்கார அம்மா "ஹர ஹர மகாதேவ்" என்றார். நாங்கள் "அரோகரா" என்றோம். அவர் அடுப்பு அணைந்துபோனது, அதை அவர் கவனிக்கவே இல்லை.

தூறல் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கியது. காலையில் எடுத்த படத்தைக் கேமராவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். தாண்டும் கற்கள் எல்லாம் தலையைக் காட்டும் வரை மதினியிடம், மங்களம் இப்போது வேண்டாம், வேண்டாம் என்றே சைகை செய்தேன். கடைசிக் கல்லும் வெளியே வந்ததும் தலையசைத்தேன்.

மதினி மங்களம் பாடினார். நாங்கள் எல்லாரும் எழுந்து கைகூப்பினோம்.

அதைப் பார்த்த பிறகுதான் இவர் எழுந்தார். பாறையோரம் ஒதுங்கிய மணலை அள்ளிக் காலில் தேய்த்து எண்ணெயை எடுத்துவிட்டு, கல் கல்லாக மிதித்து வந்தார். வந்ததும் முதல் வேலையாக என் கையிலிருந்து ஜால்ராவைப் பிடுங்கினார்.

"தாளத்த இப்படியாட்டி கொல பண்ணுவ? நல்லாவா இருக்கு?"

சொன்ன கையோடு, எல்லாருக்கும் முன்னால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததே இல்லை.

அந்த வெள்ளத்தின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கையில் ஜால்ரா இருந்ததே, எப்படி எடுப்பேன்! ஆனால் அடுத்த சித்திரையில் இவராகவே, "ஏட்டி, பாறையப் பாக்கப் போவமா?" என்று கேட்டார். போனோம். அந்தக் குழியின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார். பிறகு அதே பாறையில் ஏறி உட்கார்ந்து, பையிலிருந்து ஜால்ராவை எடுத்து, ஒற்றை ஆளாகப் பஜனை பாடினார். சொட்டுத் தண்ணீர் இல்லாத அருவி, அதன் முன்னால் என் கணவர். அந்தப் படத்தைத்தான் கடையில் நடுவில் மாட்டியிருக்கிறேன். "அருவி எங்கே?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. கேட்பவருக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

இப்போது எங்கள் கூட்டம் எல்லாப் பருவத்திலும் அங்கே போகிறது. மழையில் ஓடையைத் தாண்டுவதில்லை. இக்கரையில் உட்கார்ந்து பாடிவிட்டு வருகிறோம். இவரும் நான் சொன்னால் ஓரளவு கேட்கிறார். இதுவே தனி அற்புதம்!

சொந்தங்களே, உங்களில் யாராவது இன்று அக்கரையில் தனியாக நின்றுகொண்டிருக்கலாம். வழவழவென்று தெரிகிற இடத்தில் அவசரப்பட்டுக் கால் வைத்துவிடாதீர்கள். முருகனைக் கூப்பிட்டுவிட்டு உட்காருங்கள். தண்ணீர் இறங்கும். இன்னும் மங்களம் பாடவில்லை.

எங்களோடு அருவிக்கும் வாருங்கள். எண்ணெய்க் குப்பியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.