பக்கத்து சீட்டில் ஒரு போன்

செல்போன் விற்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை; விற்ற பிறகும் அதே ஊரில் குடியிருக்கிறோமே, அதுதான் வித்தை. கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய்கறி வாங்கப் போனால் ஒருவர் வந்து, சார்ஜ் நிற்க மாட்டேன் என்கிறது என்பார். கல்யாணத்தில் இலை போட்டு உட்கார்ந்தால் எதிர் வரிசையிலிருந்து ஒருவர் போனைத் தூக்கிக் காட்டுவார். அதனால் விருத்தாசலத்தில் கடை போட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான். நானே வைத்திருந்து பார்க்காத போனை விற்க மாட்டேன். கம்பெனி ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். செல்வி கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே, அது சும்மா வந்த பேரா?

போன ஐப்பசியில் அப்படித்தான் ஒரு போன் வந்தது. காருக்கென்றே செய்த போன் என்றார் கொண்டுவந்தவர். வழி காட்டும் மேப் உள்ளேயே இருக்கிறது, சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், தமிழில் பேசும். கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைக்க ஹோல்டரும் கூடவே வருகிறது. அதற்கு மேல் கார் மோடு என்று ஒன்று. வண்டி ஓடுகிறது என்று தெரிந்ததும் வருகிற அழைப்பையெல்லாம் அதுவே நிறுத்திவிட்டு, 'நான் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்' என்று மெசேஜ் அனுப்பிவிடுமாம். எத்தனை பீஸ் போடட்டும் என்று கேட்டார். ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள், நம்ம ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கடையில் நின்று கேட்டவர் சேவியர் அண்ணன். செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் அகல் விளக்கு செய்கிறவர். தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகி, ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருச்சி கடைக்குக் கார்த்திகைக்கு முன்னால் சரக்கு போயாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். கூலிக்கு வந்த டிரைவர் செங்கல் லோடு மாதிரி ஓட்டி, முதல் நடையிலேயே பாதிப் பெட்டியைத் தூளாக்கிவிட்டான். அண்ணன் சம்சாரம் ரெஜினா அக்கா லைசென்ஸ் எடுத்தவர், அவர்களுடைய குட்டியானை லோடு வண்டியைப் பூப்போல ஓட்டுவார். ஆனால் உள்ளூரிலேயே, எஸ்டேட்டுக்கும் பாலக்கரைக்கும் மட்டும்தான். திருச்சிக்கு அண்ணனும் கூடப் போக முடியாது, வண்டி குலுங்கினால் தையல் விட்டுவிடும். தனியாக அனுப்பவும் மனசு வரவில்லை. வழி தெரியாமல் எங்கேயாவது போய் நின்றுவிடுவாள் என்று ஒரே பாட்டு. அன்றைக்கு அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"இது ஒழுங்கா வழி சொல்லும்னு நீ சொல்லு தங்கச்சி, நான் அவள அனுப்புறேன்."

டீக்கடையில் ஒரு நிறுத்தம்

முதல் சோதனை எங்கள் வீட்டுக் காரிலேயே. ஸ்ரீமுஷ்ணத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் காதுகுத்து. நாங்கள் ஒரு தடவைகூடப் போகாத ஊர். போனை ஹோல்டரில் மாட்டி ஊர்ப் பேரைப் போட்டேன். போனுக்குள் இருக்கிற அம்மா கணீரென்று பேச ஆரம்பித்தாள். ஐந்நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும் என்றாள், வலதுபுறம் ரோடு இருந்தது. மேலும் நேராகச் செல்லவும் என்றாள், நேராகப் போயிற்று. ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் 'ம்ம், பார்ப்போம்' என்று சொல்லிக்கொண்டே திருப்பினார்.

ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு இரண்டாகப் பிரிந்தது. இடதுபுறம் என்று போன் தெளிவாகச் சொன்னது. மனுஷன் நேரே ஓரத்தில் இருந்த டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நம்ம ஊர் ஆம்பளைகளுக்கு இது ஒரு வியாதி. மேப் சொல்லும், போர்டு எழுதியிருக்கும், இருந்தாலும் ஒரு மனுஷன் கையை நீட்டிக் காட்டினால்தான் வண்டி நகரும். கண்ணாடியை இறக்கி அந்த ஊருக்கு எப்படிங்க போகணும் என்று இவர் கேட்க, அதே நேரத்தில் உள்ளேயிருந்து அந்த அம்மா மறுபடியும் இடதுபுறம் திரும்பவும் என்றாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, எங்களையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதான் அந்தம்மா சொல்லுதே, அப்பறம் என்னாத்துக்கு என்னியக் கேக்குறீங்க?"

பந்தல் தெரியாத மேப்

இரண்டாவதாகக் கொடுத்தது மங்கலம்பேட்டை பஷீருக்கு. துபாயில் டிரைவர், லீவில் வந்திருந்தார். இந்த மாதிரி மேப்பை வைத்துத்தான் அங்கே பிழைப்பே என்பதால், குறை இருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளச் சொன்னேன். உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பியவரை மேப் ஒரு ஊருக்குள் அழைத்துக்கொண்டு போய், நேராகச் செல்லவும் என்று ஒரு தெருவுக்குள் விட்டது. தெருவை அடைத்துக் கல்யாணப் பந்தல்.

துபாயில் மேப் நேராக என்றால் நேராகத்தான். பஷீரும் பழக்க தோஷத்தில் பந்தல் வாசல் வரைக்கும் போய்விட்டார். பின்னால் எடுக்கலாம் என்று பார்த்தால், பின்னால் சமையல் பாத்திரம் ஏற்றிய டிராக்டர். இவருடைய சட்டையையும் சென்ட் வாசனையையும் பார்த்த பெண் வீட்டுக்காரர்கள், மாப்பிள்ளையின் வெளிநாட்டு சிநேகிதர் என்று முடிவு கட்டி, கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் இலையில் ஜாங்கிரி விழுந்துவிட்டது. மொய் வைக்காமல் எழுந்தால் நன்றாக இருக்காது என்று அதையும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

போனைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, என்ன பாய், எப்படி என்றேன். முகூர்த்த நாள் எந்த மேப்புக்கும் தெரியாது, அதைக் குறையில் சேர்க்க முடியாது என்று நான் மனசுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அவரும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்.

"போனு மேல தப்பு சொல்ல மாட்டேங்க்கா, சாப்பாடு நல்லாதான் இருந்துச்சி."

காதர் ஓட்டிய கார்

எங்கள் கடையில் ரிப்பேர் டேபிளில் உட்காருகிறவர் காதர். அவரும் மங்கலம்பேட்டைதான், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். கார் மோடைப் பார்க்கலாமே என்று தன் சிம்மைப் போட்டு அந்தப் போனை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கியும் விட்டார். பஸ் ஓடினாலும் லாரி ஓடினாலும் போனுக்கு எல்லாம் கார்தான் போலிருக்கிறது. வழியில் அவருடைய அம்மா கூப்பிட, நான் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று மெசேஜ் போய்விட்டது.

காதர் அம்மாவுக்குப் படிக்க வராது. பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். படித்தவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்துவிட்டார். காதர் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவதற்குள் அவர் கார் வாங்கின சேதி ஜமாத் வரைக்கும் போய்விட்டது. அதோடு விட்டதா? யோசித்துச் சொல்கிறோம் என்று இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வீட்டாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் காதர் வந்து, சட்டைகூட மாற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. போன் கெட்டுவிட்டதா என்று பதறிக் கேட்டேன்.

"பொண்ணு வூட்டுல சரின்னுட்டாங்கக்கா. இப்ப நான் ஒரு காரு வாங்கணும்."

அன்றைக்கே கார் மோடை நானே என் கையால் அணைத்து வைத்தேன். நம்ம ஊருக்கு மேப் போதும், இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்று ஒரு முடிவு.

வேப்பூர் வரைக்கும் ஒரு வெள்ளோட்டம்

எனக்கு மேப் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. சேவியர் அண்ணனுக்கு வர வேண்டுமே. வேப்பூர் வரைக்கும் போய்த் திரும்பலாம், மெதுவாகத்தான் ஓட்டுவோம் என்று அவரையும் வண்டியில் ஏற்றினேன். ரெஜினா அக்கா ஸ்டியரிங்கில், நடுவில் நான், ஓரத்தில் தோளுக்குத் தலையணை வைத்துக்கொண்டு அண்ணன். காலிப் பெட்டிதான் லோடு.

அந்தப் பயணத்தில் எனக்குத் தலைவலி வந்தது போனால் இல்லை. அந்த அம்மா இடதுபுறம் என்பதற்குள் அண்ணன் 'லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி' என்பார். அவள் நேராக என்றால் இவர் 'நேரா விடு, ஸ்பீடு பிரேக்கு வருது, பாத்து' என்பார். ரெஜினா அக்கா ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். வண்டி தேர் மாதிரி போயிற்று. வேப்பூரில் ஹைவேயைப் பார்த்ததும் ஓரமாக நிறுத்தி டீ சாப்பிட்டோம். அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அக்காவின் லைசென்ஸ் பீரோவுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான், சூளையிலிருந்து எடுத்த விளக்கெல்லாம் ஷெட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். கடைசியில் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"நான் சொல்றதயேதான் அதுவும் சொல்லுது. நல்ல போனு."

அந்த மெசேஜ்

வைக்கோல் சுற்றிய விளக்குப் பெட்டிகளோடு ரெஜினா அக்கா காலையில் கிளம்பினார். போனில் அவருடைய சிம், ஹோல்டரில் திருச்சி மேப். அண்ணன் என் கடை திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றார். ஏற்கெனவே சில தடவை பேசிவிட்டாராம், வேப்பூர்கிட்டே வந்துவிட்டாளாம். ஷட்டரைத் தூக்கும்போதே மறுபடியும் போட்டார். ரிங் போகாமல் மெசேஜ் வந்தது: நான் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அணைத்து வைத்தது எப்படித் தானாக எழுந்தது? கார் மோடே இப்படி என்றால் மேப் என்ன ஆகியிருக்கும்? நடு ஹைவேயில் அக்காவை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்? இத்தனை நாள் நான் போட்ட சட்டம், ஊரில் எடுத்த பேர் எல்லாம் அந்தப் போனுக்குள் உட்கார்ந்து திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் திரும்பத் திரும்பப் போட்டார், அதே மெசேஜ். 'இங்கேருந்தே சரி பண்ணு காதரு' என்று அவர் கெஞ்ச, காதர் என்னைப் பார்க்க, நான் வெளியே காட்டிக்கொள்ளாமல், ஒன்றும் ஆகாது அண்ணே என்று உறுதியாகச் சொன்னேன். குரல் நன்றாகத்தான் வந்தது. ஷட்டர்தான் பாதியிலேயே நின்றது.

மதியத்துக்கு முன்னால் அக்காவே கூப்பிட்டார். சரக்கு இறக்கியாயிற்று, ஒரு அகல்கூட உடையவில்லை, கடைக்காரர் அடுத்த லோடுக்கும் சொல்லிவிட்டார். அண்ணன் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்?

சாயங்காலம் அக்கா போனைக் கொடுக்க வந்தார். அண்ணன் ரோட்டில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதலில் கேட்டது கார் மோடைத்தான். வேப்பூர் வருவதற்குள் அத்தனை போன் போட்டாராம் மனுஷன். ஒவ்வொரு தடவையும் ஓரம் கட்டி எடுத்தால் எப்போது போய்ச் சேர்வது? போனைத் தடவிப் பார்த்ததில் அந்தப் பட்டன் தெரிந்ததாம், தட்டிவிட்டாராம். அப்பாடா என்றிருந்தது எனக்கு. சரி, திருச்சிக்குள்ளே மேப் எப்படிச் சொல்லிச்சு என்று கேட்டேன். அக்கா ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பட்டனத் தட்டினதுமே மேப்பயும் நிறுத்திட்டேன் தங்கச்சி. கல்யாணம் ஆன நாள்லேருந்து பக்கத்து சீட்டுல உக்காந்து போயிட்டு வரேன், எனக்கா வழி தெரியாது? எனக்குத் தெரியும்னு நான் சொன்னா நம்ப மாட்டாரு, போனுக்குத் தெரியும்னு நீ சொன்னா நம்புவாரு. அந்த பட்டனு இருக்குது பாரு, அதுக்கே இத வாங்கலாம். எனக்கு ஒண்ணு போடு."

அந்த மாடல் இப்போது என் கடையில் நன்றாகவே போகிறது: கேட்டு வருகிற ஆம்பளைகளுக்கு மேப்பைக் காட்டுகிறேன், பொம்பளைகளுக்குக் கார் மோடைக் காட்டுகிறேன்.