இரண்டு சைஸ் பெரிய கான்வாஸ் ஷூ

1982-இல் எனக்குக் கல்யாணமான புதிது. அரசலாறு கடலில் சேரும் இடத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கப் போகலாம் என்று கணவர் சொன்னதும் துள்ளிக் குதித்தேன். வயற்காட்டில் வளர்ந்த எனக்குக் கடல் என்றாலே கொண்டாட்டம்தான். கிளிஞ்சல் காலைக் கிழித்துவிடும் என்பதால் கான்வாஸ் ஷூ வாங்கப் போனோம்.

"துணிதானே, நனைஞ்சா சுருங்கிடும்ங்க. ரெண்டு சைஸ் பெருசாவே குடுங்க" என்றேன் கடைக்காரரிடம். ரவிக்கைத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுக்கும் வீட்டில் பிறந்தவளாயிற்றே!

முழங்கால் தண்ணீரில் இறங்கியதும் ஷூவுக்குள் ஆறே புகுந்துகொண்டது. அது சுருங்கவில்லை, கனத்தது. சேற்றில் ரெண்டு ஷூவும் மாட்டிக்கொள்ள, கால்கள் மட்டும் உருவிக்கொண்டு வர, குப்புற விழுந்தேன். நீரோட்டம் இழுத்தது. கணவர் என் பின்னலைப் பிடித்துத் தூக்காவிட்டால் கடலுக்கே போயிருப்பேன். கையிலிருந்த கூடை போயே போய்விட்டது.

கணவர் சேற்றிலிருந்து ஷூக்களைப் பிடுங்கி என் கையில் கொடுத்ததைப் படகிலிருந்து பார்த்த காரைக்கால்மேட்டு மீனவர், "கூடை போனா என்னம்மா? அதான் கையிலயே ரெண்டு இருக்கே!" என்றார். பயமெல்லாம் பறந்து சிரித்துவிட்டேன். கரையோரம் பொறுக்கிய மட்டியை அந்த ஷூக்களில்தான் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குழம்பு பிரமாதம்!

இப்போதெல்லாம் தண்ணீரில் இறங்க ஷூ வாங்கினால், தையலையும் அடிப்பாகத்தையும் வளைத்துப் பார்த்துவிட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்காருவேன். கணவர் குதிகாலைப் பிடித்து முழுபலத்தோடு இழுப்பார். கழன்றால் வாங்குவதில்லை. எங்களைக் கண்டதுமே கடைக்காரர் எழுந்து வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார்.